தலைக்கு மேல் எவ்வளவு பாரம்

குவெட்டா பூகம்பத்தில் புருசனைப் பறிகொடுத்துவிட்டு, திருச்செங்கோட்டுப் பக்கத்துப் பிறந்த ஊருக்கே திரும்பியிருந்தாள் தெய்வநாயகி. அவர் குவெட்டா ரயில்வேயில் கட்டட எஸ்டிமேட் போட்டவர். சுவர் இவ்வளவு, கூரை இவ்வளவு என்று மொத்த எடையையும் கூட்டி, அதில் பத்தில் ஒரு பங்கு பக்கவாட்டில் தள்ளினாலும் கட்டடம் தாங்குமா என்று பார்ப்பார். பெருக்கலெல்லாம் தெய்வநாயகிதான் போட்டுக் கொடுப்பாள். அப்படிக் கட்டிய குவார்ட்டர்ஸ் பூமி ஆடியும் நின்றது. இவர்கள் வாடகைக்கு இருந்த பழைய வீட்டின் மண்கூரைதான் அவர்மேல் இறங்கியது.

அண்ணன் கைலாசம் தோட்டத்தில் செங்கல்லும் காரையும் போட்ட மச்சுவீடு கட்ட ஆரம்பித்தார். வீட்டிலும் மண்ணிலும் பாதி தங்கைக்கு என்பது அப்பாவின் சொல். கடைக்கால் பறிக்க முளையடித்துக் கயிறு பிடித்த அன்று, இடித்த பழைய வீட்டு மச்சிலிருந்து ஒரு சதுர அடியைக் காரையோடு பெயர்த்து வரச்சொல்லி, வெல்லம் நிறுக்கும் தராசில் ஏற்றினாள் தெய்வநாயகி. எண்பது ராத்தலுக்கு மேல் இருந்தது. அதே அளவுக்குச் சீமை ஓடும் சட்டமும் இருபதுகூட வரவில்லை.

"பூமி அசைஞ்சா இத்தனை பாரமும் சேர்ந்து செவுத்தைத் தள்ளுமுங்ணா. என் பாதிக்கு ஓடு போதும்."

"இங்கெங்க அம்மிணி பூமி ஆடுது? மச்சு இருந்தாத்தான் நாலு பேரு மதிப்பாங்க."

"ஆடாமயே போகட்டுங்ணா. என் தலைக்கு மேல எவ்வளவு பாரம் இருக்கோணும்னு நான்தான் சொல்லுவேன்."

"அப்ப இந்த ஊட்டுல உனக்கு இடமில்லை."

"ஊடு வேண்டாம். என் பாதி மண்ணை உடுங்க."

சொன்னவள் கயிற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள். கொத்தனார் சென்னிமலை கடப்பாரையை ஊன்றிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார். உச்சி வெயில் ஏறியும் அவள் எழவில்லை. கடைசியில் கைலாசமே, "எப்படியோ போ" என்று முளைக்குச்சியைப் பிடுங்கி, அவள் பாதியை விட்டுத் தள்ளி அடித்தார்.

தன் பாதியில் ஓட்டு வீடு கட்ட ஆரம்பித்தவள், அண்ணன் சுவர் அசைந்தாலும் இடிக்காதபடி இரண்டு வீட்டுக்கும் நடுவே சந்து விட்டாள். நாலு சுவரும் பிரியாமல் பிடிக்க, சன்னலுக்கு மேல் சுவரைச் சுற்றித் தேக்குச் சட்டத்தை ஒரே வளையமாக ஓட்டி, மூலைக்கு மூலை இரும்புப் பட்டை அடிக்கும் வரை நகராமல் நின்றாள். போகிறவர் வருகிறவரெல்லாம் கோழிக்கூடு என்றார்கள்.

ஐப்பசி மழையில் ஓடு ஒழுகியது. கைலாசத்தின் மனைவி, தெய்வநாயகி நங்கை என்று அழைக்கும் சுப்பம்மாள், வாசலில் வந்து நின்று சிரித்தாள்.

"மச்சா இருந்தா இப்படி ஒழுகுமா அம்மிணி?"

தெய்வநாயகி குண்டாவைச் சொட்டுக்கு நேராக நகர்த்தினாள்.

"தண்ணிதானுங்களே விழுது, நங்கை."

மழை விட்டதும் உடைந்த ஓட்டை மாற்ற அவளே ஏணியைச் சாத்தி ஏறினாள்.