மிதிப்புக்காரி

தோட்டக் கழிவு அள்ளுகிற லாரியில் என் வேலை, மேலே ஏறி மிதிப்பது. வெட்டிப் போட்ட கிளையையும் தழையையும் அப்படியே அள்ளிப் போட்டால் பாதி வேலை முடிவதற்குள் லாரி நிறைந்துவிடும். பார்க்கத்தான் மலை மாதிரி இருக்கும், உள்ளே எல்லாம் காற்று. ஒரு ஆள் மேலே நின்று, எந்தக் கிளை எங்கே மடங்கும் என்று பார்த்து மிதித்து உடைத்தால் இரண்டு நடை ஒரு நடையாகும். அதற்குக் கொஞ்சம் கனமான ஆள் வேண்டும். என் வீட்டுக்காரர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் முதலாளி முன்னால் நிறுத்தியபோது, அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வேற கேள்வியே இல்லை, ஏறச் சொல்லு" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு முதலில் அவரையே மிதித்திருக்க வேண்டும். ஆனால் வேலை வேண்டியிருந்ததே, என்ன செய்ய.

வீட்டுக்காரர்தான் அந்த லாரிக்கு டிரைவர். மரம் வெட்டுகிறவர் ஒருவர் எங்களோடு வருவார். ஆள் அத்தனை ஒல்லி என்பதால் அவரை ஊசி என்று கூப்பிடுவோம். அவர் என்னை மிதிப்புக்காரி என்பார். கணக்கு நேராகிவிட்டது.

மற்றவர்கள் முள் குத்தினால் அம்மா, அப்பா என்று வானத்துக்கும் பூமிக்கும் குதிப்பார்கள். நான் குதிக்க மாட்டேன். ரோஜாச் செடி, எலுமிச்சைக் கிளை, காகிதப்பூக் கொடி, எது வந்தாலும் மேலே நின்று மிதித்துக்கொண்டே இருப்பேன். "உங்களுக்கு இருக்கிறது காலா, உலக்கையா?" என்று ஊசி கேட்பார். குப்பை கொட்டும் இடத்து வாசலில் வரிசையில் நிற்கும்போது, வீட்டுக்காரர் மற்ற டிரைவர்களிடம், "என் வீட்டம்மாவைப் பார்த்தா முள்ளே ஓரமா ஒதுங்கிக்கும்" என்று பெருமை அடித்துக்கொள்வார். நான் காதில் விழாத மாதிரி இருப்பேன். உள்ளுக்குள் ஒரே குளிர்ச்சி. வீட்டில் அந்த மனிதர் வாய் திறந்து ஒரு வார்த்தை பாராட்டியதில்லை. பிள்ளை குட்டியும் இல்லை. வீட்டுக்குப் போனால் அவர் ஒரு மூலை, நான் ஒரு மூலை. எங்கள் பேச்சு, சிரிப்பு, சண்டை எல்லாம் லாரியில்தான்.

ஆரம்பத்தில் எனக்கும் முள் வலித்தது. எப்போது நின்றது என்று சொல்லத் தெரியவில்லை. தோல் காய்த்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் நடக்கும்போது ஒரு கால் செருப்பு எங்கேயோ கழன்று கிடக்கும். நான் ஒற்றைச் செருப்போடு சமையல்கட்டுக்கு வந்து நிற்பேன். "இன்னொண்ணை யாருக்குடி தானம் பண்ணின?" என்று அவர் சிரிப்பார். நானும் சிரித்தேன். சர்க்கரை இருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மாத்திரையை ஞாபகம் வந்தால் போடுவேன்.

கம்பெனியில் எல்லாருக்கும் புது பூட்ஸ் கொடுத்தார்கள். அடியில் இரும்புத் தகடு வைத்தது. போட்டால் கால் மடங்காது, கிளை மேல் பிடிப்புக் கிடைக்காது. நான் அதை டிரைவர் சீட்டுக்குப் பின்னால் செருகிவிட்டுப் பழைய பூட்ஸையே போட்டேன். வீட்டுக்காரருக்குத் தெரியும்.

ஒரு வீட்டில் காய்ந்த பேரீச்சை மட்டைகளை வெட்டினோம். அதன் அடிமட்டை முள் விரல் நீளம் இருக்கும், இரும்பு மாதிரி இருக்கும். காலை முழுக்க மிதித்தேன். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் மூவரும் நிழலில் உட்கார்ந்திருந்தபோது மஞ்சச் சட்டை வந்தார். பாதுகாப்பு பார்க்கிறவர். கையுறை இருக்கிறதா, கண்ணாடி இருக்கிறதா, பூட்ஸ் சரியா என்று ஒவ்வொரு இடமாக வந்து பார்ப்பார். நல்ல பிள்ளை. எப்போதும் அந்த மஞ்சள் மேல்சட்டைதான், தூங்கும்போதும் கழற்ற மாட்டார் என்று ஊசி சொல்வார்.

"பழைய பூட்ஸா அக்கா? அடியைக் காட்டுங்க பாப்போம்" என்றார். நான் சாப்பிட்டுக்கொண்டே இடது காலை நீட்டினேன்.

"என்னக்கா இது, ஆணியா?"

பிடித்து இழுத்தார். வரவில்லை. பூட்ஸைக் கழற்றச் சொன்னார். பூட்ஸும் வரவில்லை. கயிற்றை வெட்டி, பூட்ஸின் தோலை வெட்டித்தான் எடுத்தார்கள். முள் அடித்தோலைத் துளைத்து, காலுக்குள் போய், காலையும் பூட்ஸையும் சேர்த்துத் தைத்திருந்தது. காலுறை முழுக்க ரத்தம். ஊசி சாப்பாட்டை வைத்துவிட்டு எழுந்து அந்தப் பக்கம் போய்விட்டார். "உக்காந்து சாப்பிடுங்க, ஒண்ணுமில்லை" என்றேன். உண்மையில் எனக்கு ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரி காலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயந்திருக்க வேண்டும். பயமும் வரவில்லை.

வீட்டுக்காரர் இதையும் பெருமையாகச் சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர் சொல்லாம இனி நீங்க லாரி மேல ஏறக்கூடாதுக்கா" என்றார் மஞ்சச் சட்டை.

"ஏறலைன்னா?"

"வேற ஆளைப் போட்டுப்பாங்க."

வேற ஆள். அவன் மேலே நிற்பான். என் வீட்டுக்காரர் கண்ணாடியில் அவனைப் பார்த்துப் பேசிக்கொண்டே வண்டி ஓட்டுவார். நான் வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். கால் போனால்கூடப் பரவாயில்லை என்று அன்றைக்கு நினைத்தேன். என்ன புத்தியோ.

புண் ஆறியது, மெதுவாக. ஆறிய பிறகு டாக்டரம்மா ஒரு சோதனைக்கு வரச் சொன்னார். கண்ணை மூடிப் படுக்க வேண்டும். அவர் ஒரு நைலான் நூலால் காலில் அங்கங்கே தொடுவார். தொடுவது தெரிந்தால் 'ஆமா' என்று சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் லாரி கிடையாது.

போகும் வழியில் லாரியை ஓட்டிக்கொண்டே வீட்டுக்காரர் சொன்னார். "நான் பக்கத்துலதான் நிப்பேன். அந்தம்மா தொடும்போதெல்லாம் ஒரு இருமல் போடுறேன். நீ ஆமான்னு சொல்லிடு."

"திருட்டு முழி முழிக்காம இருமத் தெரியுமா உங்களுக்கு?"

"இப்பப் பாரு." இருமிக் காட்டினார். செத்துப் பிழைத்தவர் மாதிரி இருந்தது.

"அப்படி இருமினா உங்களைத்தான் படுக்கப் போடுவாங்க."

சிக்னலில் நின்ற நேரமெல்லாம் இருமிப் பழகினார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இருவரும் சேர்ந்து ஒரு காரியத்துக்குத் திட்டம் போட்டு எவ்வளவு காலம் ஆகிவிட்டது. சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்லப் போகிறோம் என்பதுகூட மறந்துபோயிற்று.

குறுகலான கட்டில், மேலே காகித விரிப்பு. படுத்ததும் சரசரத்தது. வீட்டுக்காரர் என் தலைமாட்டில் நின்றுகொண்டார். டாக்டரம்மா மீன் பிடிக்கிற நூல் மாதிரி ஒன்றை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டேன்.

இருமல். "ஆமா" என்றேன்.

இருமல். "ஆமா."

"சாருக்குச் சளியா?" என்றார் டாக்டரம்மா.

"தூசி டாக்டர். தோட்ட வேலை இல்லையா" என்றார் இவர், அப்பாவி மாதிரி.

இன்னொரு இருமல் வந்தது. சொன்னேன். பிறகு வரவில்லை.

காத்திருந்தேன். மின்விசிறிச் சத்தம் கேட்டது. அடுத்த காலுக்குப் போகிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். 'ஆமா'வை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தேன். எங்கேயோ நாற்காலி இழுபடும் சத்தம். அதற்கும் இருமல் இல்லை. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஒரு இருமலை ஒழுங்காக இருமத் தெரியாத மனிதனைக் கட்டிக்கொண்டு காலம் தள்ளினேனே.

"ஏன் டாக்டர், நிறுத்திட்டீங்களா?"

"கண்ணைத் தொறம்மா" என்றார் வீட்டுக்காரர். குரல் என் தலைமாட்டிலிருந்து வரவில்லை.

திறந்தேன். டாக்டரம்மா தள்ளிப்போய் மேசை அருகே நின்றிருந்தார், கையில் நூல் இல்லை. வீட்டுக்காரர் என் கால்மாட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என் இடது பாதம் அவர் மடியில் இருந்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். என் கால் விரல்களில் அவர் நகம் பதிந்திருந்தது.

"எப்போலேர்ந்து பிடிச்சிட்டிருக்கீங்க?"

அவர் டாக்டரம்மா பக்கம் திரும்பினார். "டாக்டர், நான் இருமினதை வெச்சுத்தான் அவ ஆமான்னு சொன்னா. அவளுக்கு ஒண்ணுமே தெரியலை. இனிமே அவ ஏற வேண்டாம்" என்றார். காலை விடவில்லை.

கல்யாணமான நாளிலிருந்து அவர் என் காலை ஒருநாளும் தொட்டதில்லை. நான் எழுந்து உட்கார்ந்தேன். குனிந்து, அவர் கை மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.