துணி கட்டிய வெள்ளரி

சித்திரை பிறந்துவிட்டால் கொள்ளிடத்துப் படுகையில் நன்றாக விடியட்டும் என்று யாரும் படுத்திருக்க முடியாது. வெள்ளரிப்பிஞ்சை வெயில் ஏறுவதற்குள் பறித்தாக வேண்டும். ஒரு நாள் விட்டால் பிஞ்சு முற்றிக் காயாகும். மேலும் ஒரு நாள் விட்டால் மாட்டுக்குத்தான் போட வேண்டும். அதனால் ரெத்தினம் இருள் பிரியும்போதே மோட்டாரைப் போட்டுவிட்டு வாய்க்கால் கரையில் நின்று வெள்ளரிக் கொல்லையை ஒரு பார்வை பார்ப்பார்.

அன்று பார்த்தபோது கொல்லை முழுக்கப் பூத்திருந்த மாதிரி தெரிந்தது. வெள்ளரிப் பூ மஞ்சள் அல்லவா? இது நீலமாக இருந்தது. இறங்கிப் போய்க் குனிந்து பார்த்தார். கொடிக்குக் கொடி, பிஞ்சுக்குப் பிஞ்சு, காம்போரம் நீலத் துணி கிழித்துக் கட்டியிருந்தது. பொங்கலுக்கு மகள் இசைவாணி எடுத்துக் கொடுத்த சேலை. கல்யாணம் காட்சிக்கு உடுத்தலாம் என்று அவர் மனைவி அம்சம் மடித்து வைத்திருந்தது.

அந்தக் கொல்லையில் துணிக்கு ஓர் அர்த்தம் உண்டு. ஒவ்வொரு கோடையிலும் கொடி காய்ப்புக்கு வந்ததும் அம்சம் வரிசை வரிசையாக நடப்பாள். எந்தக் கொடி எப்படிப் படர்கிறது, எது வெயிலில் வாடாமல் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு ஒரு நாள் நாலைந்து காய்களில் மட்டும் துணியைக் கட்டுவாள். அவை விதைக்கு. பழுத்து வெடிக்கிற வரை கொடியிலேயே கிடக்கும். பறிக்க வருகிற பெண்கள் எவ்வளவு வேகமாகப் போனாலும் துணியைக் கண்டால் கை தானாக விலகிவிடும். ரெத்தினமே ஒரு தடவை கவனிக்காமல் பறித்துவிட்டு, அவள் முகம் கொடுத்துப் பேசுவதற்கு எத்தனையோ நாள் காத்திருந்திருக்கிறார். பட்டா அவர் பேரில் இருந்தது. ஆனால் அந்தத் துணிக்கு மேலே அவருக்குப் பேச்சில்லை.

தை மாதத்திலிருந்தே அவள் சரியாக இல்லை. குழம்புக்கு உப்பைப் போட்டுவிட்டு மறுபடியும் போட்டாள். பாபநாசம் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு நம்ம ஊர் பஸ் எது என்று அவரிடமே கேட்டாள். இசைவாணி தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்த் தலையைப் படம் எடுத்துப் பார்த்தாள். அன்று சாயங்காலம் போனில் அழுதாள்.

"அப்பா, அம்மாவ இங்க கொண்டாந்து விட்டுடுங்க. நாள் ஆக ஆக இது கூடத்தான் செய்யுமாம்."

"பறிப்பு முடியட்டும்மா."

ஊரில் யாருக்கும் அவர் சொல்லவில்லை. யாராவது அவளிடம் ஏதாவது கேட்டால் முந்திக்கொண்டு அவரே பதில் சொன்னார். அவளுக்கு முன்னால் குழம்பை ருசி பார்த்தார். வீடு மறந்தாலும் கொல்லை மறக்காது என்று நம்பிக்கொண்டிருந்தார். கொல்லைக்குள் இறங்கினால் அவள் பழைய அம்சம்தான்; நேற்று வரை அப்படித்தான் இருந்தாள்.

வரப்பில் உட்கார்ந்தார். துணியை அவிழ்க்கலாம். அவிழ்த்தால் அம்சம் கட்டியதை அவள் புருசனே அவிழ்த்தான் என்று பொழுது சாய்வதற்குள் ஊருக்குத் தெரியும். ஏன் என்று கேட்பார்கள். அவிழ்க்காமல் விட்டால் இவ்வளவும் முற்றும். காய் முற்றினால் கொடி பூப்பதை நிறுத்திவிடும். இந்தக் கோடை இத்தோடு சரி. மோட்டார் தண்ணீர் பாத்தியில் ஏறி அவர் காலை நனைத்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

பறிக்கும் பெண்கள் வந்துவிட்டார்கள். முன்னால் வந்த பிரகதாம்பாள் கூடையை இறக்கிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"என்ன மாமா, கொல்லைக்குச் சடங்கு சுத்தப் போறீங்களா? நீலச் சேலையெல்லாம் கட்டிவிட்டிருக்கீங்க?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனால் ஒருத்தியும் பாத்தியில் கால் வைக்கவில்லை.

"அக்கா கட்டுன துணியா? எல்லாமே விதைக்குன்னா நாங்க எங்க கைய வைக்கிறது?"

ரெத்தினம் வாய் திறப்பதற்குள் கரைமேல் லோடு ஆட்டோ வந்து நின்றது. ஷேக் பரீத் தலையை நீட்டினான். "அண்ணே, சரக்கு ரெடியா? தாராசுரம் மார்க்கெட்ல ஏலம் ஆரம்பிச்சிடுவாங்கண்ணே."

அதே நேரம் தூக்குவாளியில் டீயோடு அம்சம் வந்தாள். கரையில் நின்று கொல்லையைப் பார்த்தாள். 

"எந்தக் கூறுகெட்டது இந்த வேலையப் பாத்துச்சு?"

பிரகதாம்பாளின் சிரிப்பு நின்றது. அவள் அம்சத்தின் முகத்தையே பார்த்தாள். பிறகு நெற்றியைச் சுருக்கினாள்.

"நான்தான்" என்றார் ரெத்தினம்.

"நீங்களா?"

"மயிலு வந்து கொத்துது. துணி ஆடுனா கிட்ட வராதுன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னா?"

"டீக்கடையில பேசிக்கிட்டாங்க."

"மயிலுக்கு என் சேலைதான் கெடச்சுதா? உங்க வேட்டிய அவுத்துக் கட்டுறது!"

ஷேக் பரீத் ஸ்டியரிங்கில் அடித்துச் சிரித்தான். "மாமாவுக்கு வெயிலு மண்டைக்கு ஏறிடுச்சுக்கா" என்றாள் ஒருத்தி. "மண்டைன்னு ஒண்ணு இருந்தாத்தானடி ஏறும்" என்றாள் அம்சம். ரெத்தினமும் சிரித்தார். அவள் குரல் இப்படிக் கணீரென்று கேட்டு வெகு நாளாகியிருந்தது. இன்னும் கொஞ்சம் திட்டமாட்டாளா என்றிருந்தது.

எல்லோரும் இறங்கி அவிழ்த்தார்கள், அவிழ்க்க அவிழ்க்கப் பறித்தார்கள். அம்சத்தின் விரல்கள்தான் எல்லாரையும்விட வேகமாக ஓடின. முடிச்சுக்கு முடிச்சு அவரைத் திட்டினாள். கூடைகள் கரையேறின. கடைசி வரிசைக்கு வந்தபோது பிரகதாம்பாள் நிமிர்ந்தாள்.

"அக்கா, விதைக்கு எது? இந்த வருசம் நீ இன்னும் சொல்லவே இல்லியே. கை பட்டுடப் போவுது."

அம்சம் ஒரு நீலத் துண்டை எடுத்துக்கொண்டு வரிசைக்குள் போனாள். ஓர் இலையை விலக்கிப் பார்த்தாள். அடுத்த கொடிக்குப் போனாள். திரும்பவும் முதல் கொடிக்கே வந்தாள். வெயில் முதுகில் சுட ஆரம்பித்திருந்தது. கரையிலிருந்து ஷேக் பரீத்கூட ஹாரன் அடிக்கவில்லை.

அவள் ரெத்தினத்தின் பக்கம் துணியை நீட்டினாள்.

"ஏங்க, நீங்களே பாத்துக் கட்டிடுங்க."

பிரகதாம்பாள் சட்டென்று குனிந்து, ஏற்கெனவே பறித்து முடித்த கொடியில் எதையோ தேடத் தொடங்கினாள். மற்றவர்களும் குனிந்துகொண்டார்கள்.

ரெத்தினம் துணியை வாங்கினார். கொடிக்கடியில் நடு ஒடுங்கி, வால் வளைந்து, புழு துளைத்த காய் ஒன்று கிடந்தது. எந்தக் குழந்தையும் அதைத் தூக்கி எறியும். வேண்டுமென்றே அதில் கட்டினார். முடிச்சை இறுக்கிவிட்டு, நிமிராமல், அவள் கத்துவதற்காகக் காத்திருந்தார்.

அம்சம் அவருக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். காயைக் கையில் ஏந்திப் பார்த்தாள். மண்ணைத் துடைத்துவிட்டாள்.

"நல்ல காயிங்க" என்றாள்.