எழுபத்துநாலு மார்க் சுருட்டு

சுருட்டு குடிப்பவன் என்று யாராவது சொன்னால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். நான் ருசி பார்ப்பவன். வாரம் முழுக்க லிப்ட் ரிப்பேர் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மொட்டைமாடியில் உட்கார்ந்து ஒரே ஒரு உயர்ரகச் சுருட்டு. புகையை உள்ளே இழுக்காமல் வாயில் உருட்டி, என்ன மணம், என்ன கசப்பு, சாம்பல் எவ்வளவு நேரம் உதிராமல் நிற்கிறது என்று நோட்டில் எழுதி, நூற்றுக்கு மார்க் போடுவேன். ஒன்பது வருடத்தில் ஆறு நோட்டு. படித்த ஒரே ஆள் என் மனைவி. அதுவும் எழுத்துப்பிழை திருத்த.

ஒருநாள் சுருட்டு வாங்கப் போனபோது என் கையிலிருந்த நோட்டைக் கடைக்காரர் வாங்கிப் புரட்டினார். "சார், நம்ம கடைக்கு நீங்களே எழுதுங்க. பெட்டிக்குப் பெட்டி உங்க குறிப்பை ஒட்டி வைக்கறேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கு முன் ஒரு பரீட்சை என்று மூன்று சுருட்டுகளைக் காகிதத்தில் பொதிந்து தந்தார். எந்த உயர்ரகச் சுருட்டுக்கும் இடுப்பில் பேர் அச்சிட்ட காகித வளையம் இருக்கும். "வீட்டுல யாரையாவது விட்டு வளையத்தைக் கழட்டச் சொல்லுங்க. மார்க் எழுதின தாளை என் கையில குடுக்கற வரைக்கும் நீங்க பார்க்கக்கூடாது."

மனைவி கழற்றினாள். அடையாளத்துக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று நூல் கட்டினாள். மூன்று ஞாயிறு போயிற்று. சிவப்பில் வறுத்த கொட்டையும் பழைய மரப்பெட்டியும் மணத்தன, தொண்ணூற்றொன்று. பச்சை ஒரே காரம், கரிக்கசப்பு. எழுபத்துநாலுக்கு மேல் போடக் கை வரவில்லை. நீலத்துக்கு எண்பத்தாறு.

நாலாவது ஞாயிறு கடைக்குக் கிளம்பும்போது கை சும்மா இருக்கவில்லை. அவள் வளையங்களைப் போட்டு வைத்திருந்த மாத்திரை டப்பாவைத் திறந்தேன். மூன்றிலும் ஒரே பேர், ஒரே தங்கக் கரை.

"என்ன இது, மூணும் ஒண்ணா இருக்கு?"

"ஆமா, ஒண்ணாத்தான் இருந்துச்சு."

"ஏன் சொல்லல?"

"மூச்சு விடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க! மூணு வாரமா எனக்கு வாய் நமநமன்னுது."

ஒரே சுருட்டுக்கா பதினேழு மார்க் வித்தியாசம்? பச்சை நூலன்று எனக்குச் சளி பிடித்திருந்ததா? முந்தின நாள் லிப்டில் மாட்டிக்கொண்ட மனுஷன் என்னைத் திட்டித் தீர்த்தாரே, அந்தக் கசப்பா? அப்படியானால் அந்த ஆறு நோட்டும்? ஒன்பது வருடம் என்ன எழுதினேன் என்றே எனக்குப் புரியவில்லை. பயமாக இருந்தது.

"அன்னிக்கு என்ன தோணுச்சோ அதையே குடுங்க" என்றாள்.

"சிரிச்சிடுவாரு. ஒரே சரக்குன்னு கண்டுபிடிக்கறேனான்னு பார்க்கத்தான் இப்படிக் குடுத்திருக்காரு."

புதுத் தாள் எடுத்தேன். மூன்றுக்கும் எண்பத்துநாலு. அடியில், 'மூன்றும் ஒரே சுருட்டு' என்று கெத்தாக ஒரு வரி. பழைய தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "வளையத்தைப் பார்த்துட்டீங்களா, சார்?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

"மூணும் வேற வேற சரக்கு. வளையத்தை நான்தான் மாத்திச் சுத்தினேன். பேரைப் பார்த்து ருசி சொல்றவங்கதான் நிறைய வர்றாங்க."

அவசரமாகப் பழைய தாளை எடுத்து நீட்டினேன். இரண்டு முறை படித்தார்.

"இதுல ஒண்ணு காஞ்சுபோன சுருட்டு, வேணும்னே வெச்சேன். அதைத்தான் காரம், கரிக்கசப்புன்னு எழுதி எழுபத்தினாலு போட்டிருக்கீங்க. இவ்ளோ சரியா எழுதிட்டு ஏன் சார் மாத்தினீங்க?"

"நாக்கு நல்ல நாக்குதான். ஆனா கடையில இருக்கற எல்லாச் சுருட்டுக்கும் வளையம் இருக்குமே, சார்." இரண்டு தாளையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி ஆசையாகக் கேட்டாள். "என்னங்க சொன்னாரு?"

"நல்ல நாக்குன்னாரு."

"அப்ப கெடைச்சிடுச்சா?"

அவள் முகம் பூரித்துப் போயிருந்தது. முதலில் எதைச் சொல்வது என்று தெரியாமல் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.