ஷரோல்டா சந்தையில் பேசிய சனிக்கிழமை

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷம் சமையல் செய்தவள் நான். மேயர் ரோஸ்னையியின் மைத்துனர் அனுப்பும் உருளைக்கிழங்கு பாதிக்குப் பாதி அழுகல் என்று ஊர்க்கூட்டத்தில் எழுந்து சொன்னேன். மறுநாளே வேலை போயிற்று.

எனக்காக வழக்குப் போட எந்த வக்கீலும் முன்வரவில்லை. செருப்புக் கடை மாடியில் புதிதாகப் பலகை மாட்டியிருந்த வெர்மெஷ் ஷரோல்டா மட்டும் முழுக்கக் கேட்டாள். இருபத்தொன்பது வயது. புடாபெஸ்டில் நல்ல வேலையை விட்டுவிட்டு கொரோஷ் ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் ஊருக்கே திரும்பி வந்தவள்.

"எடெல்கா அக்கா, அந்தக் கிழங்குல ஒண்ணாவது வச்சிருக்கீங்களா?"

"அதைப் போய் யாரும்மா வச்சிருப்பா? பன்னிக்குப் போட்டுட்டேன்."

"பன்னி சாட்சி சொல்லாதே. கூட வேலை பார்த்தவங்களைப் பிடிப்போம்."

மூன்று பேரைப் பேசவைத்தாள். நீதிமன்றத் தாழ்வாரத்தில் நகராட்சி வக்கீல் அவளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஒரு சமையல்காரிக்காக இவ்வளவு அலைச்சலா, பாப்பா?"

"அவங்க கைச் சோறு தின்னு வளர்ந்தவ சார் நான்."

பதினோரு மாதத்தில் தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. நான் மறுபடி அடுப்படிக்குப் போனேன். அதன்பிறகு அவள் மாடிப்படியில் எப்போதும் ஆள் இருந்தது. ஓய்வூதியம் மறுக்கப்பட்டவர்கள், நிலம் பறிபோனவர்கள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு மாலை கோப்புகளைத் தள்ளிவைத்துவிட்டு என்னிடம் சொன்னாள்:

"எதைத் திறந்தாலும் அடியில ரோஸ்னையி கையெழுத்துதான், அக்கா. ஒவ்வொண்ணா ஜெயிச்சு முடிக்கிறதுக்குள்ள நான் கிழவியாயிடுவேன். மேயர் தேர்தல்ல நிக்கப் போறேன்."

"ஆளுங்கட்சியை எதிர்த்தா? இந்த ஊர்ல நாய்கூட அவங்க வாசல்லதான் வாலாட்டும்."

"நாய்க்கு ஓட்டு இல்லையே."

கூட்டம் போட இடம் கேட்டால், பண்பாட்டு மண்டபத்தில் குழாய் உடைந்திருந்தது. உடற்பயிற்சிக் கூடத்தில் வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளூர்ப் பத்திரிகை அவள் பெயரை ஒருமுறைகூட அச்சிடவில்லை. கடைசியில், தேர்தலுக்கு முந்தைய சனிக்கிழமை, சந்தையில் மிளகாய் விற்பவர்களுக்கு நடுவே ஓர் ஆப்பிள் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி நின்றாள்.

அவள் வாயைத் திறந்ததும் பேண்டு வாத்தியம் முழங்கியது. மேயர் அனுப்பிய ஆட்கள், பதினான்கு பேர். அவள் நிறுத்தினால் அவர்களும் நிறுத்தினார்கள், தொடங்கினால் தொடங்கினார்கள். மேயர் லாங்கோஷ் ரொட்டி பொரிக்கும் கடை ஓரமாக நின்று ரசித்துக்கொண்டிருந்தார். ஷரோல்டாவின் கன்னம் சிவந்தது. இறங்கிவிடுவாளோ என்று நினைத்தேன். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு பாட்டைப் பொறுமையாகக் கேட்டாள், முடிந்ததும் கைதட்டினாள்.

"நல்லா வாசிக்கிறீங்க லோரின்ட்ஸ் அண்ணே. அப்பாவுக்கு இப்ப மூச்சு எப்படி இருக்கு?"

பேண்டுக்குத் தலைவரான லோரின்ட்ஸ் தலை குனிந்தார். சுரங்கத்தில் நுரையீரல் கெட்ட அவருடைய அப்பாவுக்கு உதவித்தொகை வாங்கிக்கொடுத்தவள் அவள்தான். அவர் எக்காளத்தை மெதுவாகப் பெட்டியில் வைத்துப் பூட்டினார்.

மேயர் விரைந்து வந்தார். "என்னய்யா, ஏன் நிறுத்திட்ட?"

"உதடு வீங்கிடுச்சுங்க."

"மத்தவனுக்கெல்லாம் என்ன?"

மேளக்காரர் குச்சிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "எங்களுக்கும் வீங்கிடுச்சுங்க."

சந்தையே சிரித்தது. மேயரைப் பார்த்து இந்த ஊர் சிரித்ததை நான் அன்றுதான் முதல்முறை கண்டேன். அதன்பின் ஷரோல்டா முக்கால் மணி நேரம் பேசினாள், ஒருவரும் நகரவில்லை.

இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள். எண்ணிக்கை அறிவித்ததும் என் தோளில் முகம் புதைத்து ஒரு நிமிஷம் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பசிக்குது அக்கா" என்றாள்.

மேயராகப் பதவியேற்ற அன்று நகராட்சி மன்றத்தில் பத்தில் ஏழு பேர் ஆளுங்கட்சிக்காரர்கள். அவர்களில் ஒருவர் அவள் காதுபடவே சொன்னார்: "எதிர்க்கட்சிக்காரி ஆறு மாசம் தாங்குவாளா?"

"ஆறு மாசத்துல நிறைய வேலை பார்க்கலாம்" என்று சிரித்தாள் ஷரோல்டா. "முதல்ல அந்தக் கதவைத் திறந்துவிடுங்க. வெளியில ஜனங்க நிக்கிறாங்க."

திறந்தார்கள். முந்நூறு பேர் உள்ளே வந்தோம். நாற்காலி போதவில்லை. நின்றபடியே கடைசிவரை இருந்தோம்.