மாம்பழம் எங்கே போச்சு

சனோபருக்கு ஆறு வயது. வயதுக்கு மீறிய கேள்விகள். அதிலும் 'எங்க போச்சு' என்பதுதான் அவளுக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. விழுந்த பல் எங்க போச்சு, கரண்ட் எங்க போச்சு, நேற்று எங்க போச்சு. பதில் சொல்லிச் சொல்லி அவளுடைய உம்மா மிஸ்ரியாவுக்கு வாய் வலித்துவிடும். ஆனால் அந்தக் கோடையில் பிள்ளை வேறொரு கேள்வி கேட்டாள். அதுதான் மிஸ்ரியாவின் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

"உம்மா, வாப்பா எப்போ திரும்பிப் போவாக?"

யஹ்யா சவூதி வேலையை விட்டு, இனிமேல் போவதில்லை என்று சொல்லித் தென்காசிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பிள்ளைக்கு அவன் போனுக்குள் இருக்கிற வாப்பா. வெளியே வந்து நடமாடுகிற வாப்பாவை என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அவன் முன்னறைக்கு வந்தால் இவள் அடுப்படிக்கு ஓடினாள். ஒரு நாள் மூன்று பேரும் ஐந்தருவிக்குப் போனார்கள். சாரல் சீசனுக்கு முன்னால் அங்கே என்ன இருக்கும்? காய்ந்த பாறையும் குரங்கும்தான். "தண்ணி எங்க போச்சு?" என்று உம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உம்மாவிடம்தான் கேட்டாள். பதில் சொல்ல வாயெடுத்த யஹ்யா பாறைப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த வாரமே பழைய கம்பெனி மேனேஜர் போனில் கூப்பிட்டு, திரும்ப வருகிறாயா, வெள்ளிக்கிழமை மறுபடி கூப்பிடுவேன், முடிவாகச் சொல் என்றார். யஹ்யா வரமாட்டேன் என்று சொல்லவில்லை. ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே, "இங்கன இருந்து என்ன செய்யப் போறேன்? பிள்ளைக்கே நான் விருந்தாளிதான்" என்றான். மிஸ்ரியா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பை ஊற்றினாள். போகாதீங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் ரோஷக்காரி. கெஞ்சி நிறுத்தி வைத்த மனுசன் எத்தனை நாள் நிற்பான் என்று நினைத்தாள்.

அப்போதுதான் ஐஸ் யோசனை வந்தது. முன்பல் சொத்தையானதிலிருந்து சனோபருக்கு வண்டி ஐஸ் கிடையாது. சீனியே போடாமல், பழத்தை மட்டும் அரைத்து வீட்டிலேயே ஐஸ் செய்தால் பிள்ளை ஆசையாக ஓடி வருவாள். அதை வாப்பா கையால் கொடுக்க வைத்துவிடலாம். ஐஸ் வைப்பது என்றால் ஊரில் வேறு அர்த்தமும் உண்டு. மிஸ்ரியா இரண்டு அர்த்தத்திலும்தான் வைத்தாள்.

முதலில் தர்பூசணி. டம்ளரில் ஊற்றிக் கரண்டியைச் செருகி வைத்தது கல்லாக இறுகியது. இரண்டு தடவை உறிஞ்சியதும் வெறும் வெள்ளைக் கட்டிதான் மிச்சம். "சிவப்பு எங்க போச்சு?" என்றாள் சனோபர். சரி, தர்பூசணி என்றாலே பாதி தண்ணீர்தானே என்று வாசுதேவநல்லூர் பக்கத்துச் சப்பட்டை மாம்பழம் வாங்கி அரைத்தாள். விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள், தேன். மறுநாள் பிள்ளை ஒரு கடி கடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"உம்மா, மாம்பழம் எங்க போச்சு?"

மிஸ்ரியாவும் கடித்துப் பார்த்தாள். நியாயமான கேள்விதான். நிறம் இருந்தது, பழம் இல்லை. வைத்தது தேன், எடுத்தது சப்பு. பிரிட்ஜுக்குள் எந்தக் கள்ளன் புகுந்தான்? அவளுக்கு இப்போது பிள்ளையைவிட ஆவல் அதிகமாகிவிட்டது. பேரீச்சம்பழம் அரைத்துப் போட்டாள், பேரீச்சைதான் தெரிந்தது. வாழைப்பழம் சேர்த்தாள், ஐஸ் மெத்தென்று வந்தது, மாம்பழம் மட்டும் வரவில்லை.

இத்தனை கூத்துக்கும் யஹ்யா பிரிட்ஜ் பக்கமே வரவில்லை. வந்ததிலிருந்தே அப்படித்தான். மண்டையைப் பிளக்கிற வெயிலிலும் வெந்நீர்தான் குடித்தான். கேட்டால் சிரித்து மழுப்பினான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து அவன் வந்தபோது, சனோபர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுலயும் மாம்பழம் இல்ல" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தாள். யஹ்யா வாசலிலேயே நின்றான்.

"அது எங்கயும் போகல. உள்ளதான் இருக்கு" என்றான். "குளிரு அதைப் பூட்டி வச்சிருக்கு."

பிள்ளை திரும்பிப் பார்த்தாள். அவனிடம் அவள் முதல் கேள்வி கேட்டது அப்போதுதான். "தொறக்க முடியுமா?"

அவன் டம்ளரை வாங்கி, வெயில் விழுந்த மாடிப்படியில் உட்கார்ந்தான். ஒரு படி தள்ளி அவளும் உட்கார்ந்தாள். தட்டில் கவிழ்த்த கட்டிமேல் முத்து முத்தாக நீர் கோத்தது. சனோபர் மூக்கை வைத்துப் பார்த்தாள். இல்லை என்றாள். இன்னும் கொஞ்சம் பொறு என்றான். மறுபடி வைத்தாள். பார்த்துக்கொண்டே இருக்கும்போது படி இறங்கி அவன் பக்கத்திலேயே வந்துவிட்டாள்.

அவன் மிஸ்ரியாவைப் பார்க்காமலே பேசினான். "எங்க கம்பெனி குளிர் குடோனுக்கு நம்ம நாட்டு மாம்பழக் கூழுதான் பெட்டி பெட்டியா வரும். அத்தனை வருஷம் தூக்கி அடுக்குனேன். ஒரு நாள் கூட வாசம் அடிச்சதில்ல, மிஸ்ரியா."

அத்தனை வருஷம் குளிருக்குள் நின்றவன் ஏன் பிரிட்ஜைத் தொடவில்லை என்று அவளுக்கு இப்போது விளங்கியது. கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"வந்துட்டு!" என்று கத்தினாள் சனோபர். கட்டியின் ஓரம் குழைந்திருந்தது. மாம்பழ வாசம் மிஸ்ரியா நின்ற இடம் வரைக்கும் வந்தது. யஹ்யா கையாலேயே ஒரு துண்டை உடைத்துப் பிள்ளைக்கு ஊட்டினான். அடுத்த துண்டைத் தன் வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

சனோபர் யோசித்தாள். "மறுபடி உள்ள வச்சா போயிருமா?"

"போயிரும்."

"அப்போ வைக்காண்டாம், வாப்பா."

உள்ளே போன் அடித்தது. மேனேஜர்தான். மிஸ்ரியா எடுத்து வந்து நீட்டினாள். யஹ்யாவின் இரண்டு கையிலும் மஞ்சளாகச் சாறு வழிந்துகொண்டிருந்தது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

"என் கை பூரா ஐஸு. நீயே பேசிரு" என்றான். "வரலைன்னு சொல்லிரு."