பதினாலாம் எண்: கூண்டில்லாத ஃபேன்

லுவா அக்கா அனுப்பிய பாதுகாப்புப் பட்டியலில் நாற்பத்தொரு எண்கள் இருந்தன. அத்தனையும் செய்து முடித்தேன். மேசை முனைகளுக்கு ரப்பர் தொப்பி. பிளக் துளைகளுக்கு மூடி. கழிப்பறை மூடிக்கு ஒரு பூட்டு. அதைத் திறக்கக் கற்றுக்கொள்ள எனக்கே இரண்டு நாள் ஆனது.

என் மனைவி தோவா இறந்து ஒரு வருடம் ஆகிறது. டெங்கு. லுவா அவளுடைய அக்கா. சைகோனில் பெரிய வீடு, பிள்ளைகள் இல்லை. முதலாண்டுப் படையலுக்கு ஹனோய் வருவதாகவும், திரும்பும்போது எங்கள் மகள் தெப்பைக் கூட்டிப்போய்த் தானே வளர்க்கப்போவதாகவும் போனில் சொன்னாள். அதுவரைக்கும் குழந்தை பத்திரமாக இருக்கத்தான் அந்தப் பட்டியல். சரி என்றேன். அந்த வருடம் யார் எதைக் கேட்டாலும் சரி என்றுதான் சொன்னேன். அப்படித்தான் வீட்டில் மூன்று தண்ணீர் ஃபில்டர்கள் சேர்ந்தன.

தெப்புக்கு ஐந்து வயது.

"அப்பா, பெரியம்மா வீட்ல பல்லி இருக்கா?"

"தெரியாது."

"இல்லன்னா நான் போகமாட்டேன்."

போகவேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

லுவா அக்கா வந்ததும் பட்டியலை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றினாள்.

"கத்தி எங்க?"

"பரண்மேல."

"கத்திரிக்கோல்?"

"பரண்மேல."

"படையல் கோழிய எதால வெட்டுவ?"

"பரண்லயே வச்சு வெட்டிடுவேன்."

முறைத்தாள். முழுக்கோழியையும் ஒட்டரிசிச் சோற்றையும் தோவா படத்தின் முன் வைத்து ஊதுவத்தி ஏற்றினோம். அது எரிந்து முடியும்வரை சாப்பாட்டில் கை வைக்கக் கூடாது. அந்த நேரம் பார்த்து ஏசி ஒரு முறை விக்கிவிட்டு நின்றது. வெளியே நாற்பது டிகிரி. சன்னலையும் பட்டியல்படி திறக்க முடியாமல் செய்திருந்தேன்.

கத்தி எடுக்கப் பரண் ஏறினேன். பக்கத்தில் அப்பாவின் பழைய ரஷ்ய ஃபேன் கிடந்தது. யானைக்காது மாதிரி அகலமான ரப்பர் இறக்கைகள். இரண்டையும் இறக்கினேன்.

"கூண்டு எங்க?"

"இதுக்குக் கூண்டே கிடையாதுக்கா."

"பதினாலாவது நம்பர் என்ன?"

"கூண்டில்லாத ஃபேன் கூடாது."

"அப்புறம்?"

"வேர்க்குது."

அவள் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. பட்டியலால் விசிறிப் பார்த்தாள்.

"சரி, போடு. குழந்தை மூணு மீட்டர் தள்ளி நிக்கணும்."

ஃபேன் முனகிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. அந்தச் சத்தத்தில் லுவா அக்காவின் முகம் மாறியது.

"படத்துப் பக்கம் திருப்பு."

"எதுக்கு?"

"காத்துல வத்தி சீக்கிரம் எரியும். சின்ன வயசுல நானும் தோவாவும் இப்படித்தான். ஒருதடவ தாத்தா படையல ஏழே நிமிஷத்துல முடிச்சோம்."

"அம்மாவா?" என்றாள் தெப், இரண்டரை மீட்டருக்கு வந்து.

"உங்கம்மாதான் தலைவி. எங்க வீட்டு ஃப்ரிட்ஜ் தொட்டா அடிக்கும். திறக்கறதுக்குன்னே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. வாளித் தண்ணிக்குள்ள ஹீட்டர் கம்பி கிடக்கும், அப்படியே விரல விட்டுப் பாப்போம். மணிக்கட்டு வரைக்கும் அடிச்சா வெதுவெதுப்பு. தோள் வரைக்கும் அடிச்சா குளிக்கலாம்."

நான் தெப்பின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். லுவா அக்கா நடுவில் விரலை வைத்து ஃபேனை நிறுத்திக் காட்டினாள்.

"பாத்தியா, ரப்பர்தான். தோவா மூக்காலயே நிறுத்துவா. கோழிக்கால் பந்தயம்."

"நீங்க?"

"நான் பயந்தாங்கொள்ளி. ஒருதடவகூட வைக்கல."

நிமிர்ந்து படத்தைப் பார்த்தாள். படத்தில் தோவா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏண்டி சிரிக்கிற?" என்று கேட்டுவிட்டு மூக்கை நீட்டினாள்.

முப்பது வருடத்தில் ரப்பரின் ஓரம் கட்டையாக இறுகியிருந்தது. டப் என்று ஒரு சத்தம். வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தம்.

இரண்டு மூக்குத் துளைகளிலும் பஞ்சை வைத்து உட்காரவைத்தேன். தெப் போய் மேசை முனையிலிருந்து ஒரு ரப்பர் தொப்பியைப் பிடுங்கிவந்து பெரியம்மாவின் மூக்கில் பொருத்தினாள். அளவு சரியாக இருந்தது.

என்னிடமிருந்து ஏதோ சத்தம் வந்தது.

"அப்பா, இருமுறியா?"

"இல்ல, சிரிக்கிறேன்."

"சிரிப்ப தம்பி," என்றாள் லுவா அக்கா. பஞ்சு வழியாகக் குரல் வாத்து மாதிரி வந்தது. "இந்த வீடு குழந்தைக்கு ஆகாது. நாளைக்கே கூட்டிட்டுப் போறேன்."

"இல்லக்கா."

"என்ன இல்ல?"

"தெப் என்கூடத்தான் இருப்பா."

"சரின்னுதானே சொன்ன?"

"மூணு ஃபில்டருக்கும்தான் சொன்னேன்."

"குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா?"

"குழந்தைக்கு ஒண்ணும் ஆகல. அடிபட்டது நீங்க."

மூக்குத் தொப்பியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு படத்தின் பக்கம் திரும்பினாள். "கேட்டியாடி உன் புருஷன் பேசறத? பரவாயில்ல, பேச்சு வருது." ஊதுவத்தி எப்போதோ எரிந்து முடிந்திருந்தது. "கோழிய வெட்டு. கால் எனக்கு. மூக்கால நிறுத்தினேன்ல?"

"நிறுத்தல பெரியம்மா," என்றாள் தெப். "அது ஓடிட்டே இருக்கு."

கால் தெப்புக்குப் போனது.

மறுநாள் லுவா அக்கா தனியாகக் கிளம்பினாள். மூக்கு கத்திரிக்காய் நிறத்தில் இருந்தது. வாசல்வரை போய்விட்டுத் திரும்பினாள்.

"அந்த ஃபேனையாவது குடு தம்பி."

அதற்கும் இல்லை என்றேன்.