துணி மடிக்கும்போது வரும் மெட்டு

"மெதுவா பேசுக்கா, மாமாவுக்குக் கேட்டுடப் போகுது."

"கேட்டா நல்லதுதானே! கேக்கலைங்கறதுதானே இங்க பிரச்சினையே!"

"அதுக்காக இப்படியா கத்துவே?"

"கத்திக் கத்தித் தொண்டை பழகிடுச்சுடா. நீயே சொல்லு. சனிக்கிழமை அஞ்சு மணிக்கு ஆஸ்பத்திரில உதடு பாத்துப் புரிஞ்சுக்கற வகுப்பு. அதே அஞ்சு மணிக்கு இவரு அந்தக் கட்டையைத் தோள்ல மாட்டிக்கிட்டுக் கிளம்பிடறாரு. நாளைக்கு சுத்தமா காது போனப்புறம் நான் பேசறது எப்படிப் புரியும்? கிட்டார் வந்து சொல்லுமா?"

"நான் வேணா மாமாகிட்ட பேசிப் பாக்கவா?"

"பேசு. நல்லா பக்கத்துல போய் நின்னு பேசு."

சமையலறையில் அக்காவும் தம்பியும் போட்ட இந்தச் சண்டை, கூடத்தில் கிட்டாருக்குக் கம்பி மாட்டிக்கொண்டிருந்தவருக்கு முக்கால்வாசி கேட்டது. காது மந்தமான ஆள் இருக்கும் வீட்டில் ரகசியம் தங்காது. எல்லோரும் உரக்கப் பேசிப் பழகிவிடுவதால் சண்டையைக்கூடத் தணிந்த குரலில் போட வராது. அவர் தலையை நிமிர்த்தவில்லை. மனைவி சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. ஆனால் அவர் ஏன் போகிறார் என்பதை அவளிடம் சொல்ல முடியாது. சொன்னால் எல்லாம் கெட்டுவிடும்.

அவருக்குத் தகர டப்பா மூடி அடிக்கும் பட்டறையில் வேலை. இருபத்தாறு வருஷமாக ஒரே மெஷின். மேலிருந்து அச்சு இறங்கித் தகட்டை 'டங்' என்று அடித்தால் ஒரு மூடி. ஒரு ஷிஃப்டுக்கு ஆயிரக்கணக்கில் டங். பட்டறையில் அவருக்கு 'மூடிக்காரர்' என்றுதான் பெயர். "பத்து விரலோட ரிட்டயராகப் போற ஒரே ஆள் நம்ம மூடிக்காரர்தான்" என்று கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள். விரல் தப்பியது. காது தப்பவில்லை.

காதில் வைக்கப் பஞ்சு கொடுக்காமல் இல்லை. கொடுத்தார்கள். அவர் வைக்கவில்லை. அச்சின் முனை மழுங்க ஆரம்பித்தால் கண்ணுக்குத் தெரியாது, சத்தத்தில் தெரியும். 'டங்' கொஞ்சம் 'டொங்' ஆகும். அதைப் பிடித்துவிட்டால் பத்து மூடியோடு போகும். பிடிக்காவிட்டால் ஒரு நாள் சரக்கே விளிம்பு பிசிறி வீண். "காதை அடைச்சுக்கிட்டா மெஷின் சொல்றது எப்படிக் கேக்கும்?" என்பார். அந்தப் பட்டறையிலேயே நல்ல காது அவருடையதுதான். அந்த நல்ல காதாலேயே காதை இழந்தார்.

டாக்டர் எதையும் மறைக்கவில்லை. ஒரு வருஷம், மிஞ்சிப் போனால் ஒன்றரை. கருவி வைத்தால் இரைச்சல் பெரிதாகுமே தவிரத் தெளிவு வராது என்றார். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து, இன்னும் கேட்கவேண்டியது என்னென்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தார். பாட்டு, செய்தி, மெஷின், சொந்தக்காரர்களின் புத்திமதி எல்லாம் போனால் போகட்டும் என்று தோன்றியது. ஒன்றே ஒன்றை மட்டும் விட மனசு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் மனைவி துவைத்த துணியை மடிப்பாள். அப்போது வாயை மூடிக்கொண்டே எதையோ முணுமுணுப்பாள். அது சினிமாப் பாட்டு இல்லை, எந்தப் பாட்டும் இல்லை. மூன்று படி ஏறும், ஒரு படி இறங்கி நிற்கும், மறுபடி ஏறப் பார்க்கும், கடைசியில் வேலை முடித்த ஆள் சுவரோரம் சாய்ந்து உட்காருவது மாதிரி கீழே வந்து உட்காரும். கல்யாணமான நாள் முதல் அதே மெட்டு. முணுமுணுக்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. புதிதாகக் கல்யாணமானபோது ஒருதரம், "அது என்ன பாட்டு?" என்று கேட்டுவிட்டார். "எது?" என்றாள். அவ்வளவுதான், நாலு மாசம் சத்தமில்லாமல் துணி மடித்தாள். அது தானாகத் திரும்பி வந்தபோது, இனி செத்தாலும் கேட்கக்கூடாது என்று முடிவு செய்தார்.

அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டால் போதும். காது போனாலும் கண் இருக்கிறது. கண்ணால் படித்தால் உள்ளே கேட்குமாமே. இசை தெரிந்தவர்களுக்கு அப்படித்தான் என்று எங்கோ படித்திருந்தார்.

கிட்டார் டீச்சரின் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. இரண்டு ஸ்டூல், ஒரு ஸ்டாண்டு, ஜன்னலில் காயும் ஒரு குடை. டீச்சருக்கு முப்பது வயதுகூட இருக்காது. முதல் நாள் அவர் சொன்னது அவளுக்குப் புரியவே இல்லை.

"எனக்கு வாசிக்கத் தெரிய வேண்டாம் டீச்சர். கேக்கறதை எழுதத் தெரிஞ்சா போதும்."

"முதல்ல படிக்கணும் சார், அப்புறந்தான் எழுதறது. இந்தா பாருங்க, இதுதான் அஞ்சு கோடு. இதுமேல வைக்கற புள்ளிதான் ஸ்வரம்."

அவர் உற்றுப் பார்த்தார். "கம்பி ஆறு இருக்கே. ஒண்ணு எங்க போச்சு?"

டீச்சர் சிரித்த சிரிப்பில் கீழே ஜெராக்ஸ் கடைக்காரர் அண்ணாந்து பார்த்திருப்பார். கோடு வேறு கம்பி வேறு என்பது மண்டையில் ஏற இரண்டு வாரம் பிடித்தது.

மூன்றாம் மாசம் திருட்டு பிடிபட்டது. டீச்சர் ஒருதரம் வாசித்துக் காட்டினால் போதும், அவர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே அப்படியே வாசித்துவிடுவார். ஒரு நாள் டீச்சர் கையைக் கட்டிக்கொண்டு சொன்னாள், "சார், நீங்க வாசிச்சது நாலாம் பக்கம். ஸ்டாண்டுல ஆறாம் பக்கம் இருக்கு."

அவருக்கு முகம் சுண்டிப்போனது.

"காதுலதானே வாசிக்கறீங்க? இவ்வளவு நல்ல காதை வச்சுக்கிட்டு எதுக்குப் படிச்சே ஆகணும்னு உயிரை விடறீங்க?"

அன்றுதான் டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னார். மெட்டு விஷயத்தையும் சொன்னார்.  அதற்குப் பிறகு அவள் வாசித்துக் காட்டுவதை நிறுத்தினாள். விரலால் கோட்டைத் தொட்டு, "இது என்ன? இது?" என்று கேட்டுக் கேட்டே சொல்லிக்கொடுத்தாள்.

ஆறாம் மாசத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எழுத உட்கார்ந்தார். உள்ளறைக் கதவு அவருக்கு வலப்பக்கம். அங்கே மனைவி துணி மடிப்பாள். கூடத்தில் அவர் தலையை இடப்பக்கம் சாய்த்து, மடியில் கிட்டாரை வைத்து, கம்பியைக் கையால் அமுக்கிச் சத்தம் பெரிதாகாமல் தடவித் தடவி ஒவ்வொரு புள்ளியாகத் தேடுவார். கிடைத்ததைப் பட்டறையின் வேலைச் சீட்டுக்குப் பின்பக்கம் பென்சிலால் வைப்பார். மூலையில் தேதியும் போடுவார், அது பட்டறைப் பழக்கம். சீட்டு தேய்ந்தால் வேறொன்றுக்கு மாறுவார், பழையதை எறியமாட்டார். மொத்தம் எட்டுக் கட்டம்தான் அந்த மெட்டு.

ஆனால் போன வாரம் எழுதியது இந்த வாரம் சரியாக இருக்காது. அவள் அதையேதான் முணுமுணுக்கிறாள், புள்ளி மட்டும் ஒத்துவராது. "நமக்குத்தான் எழுதத் தெரியலை" என்று அழிப்பார். மேலே வைப்பார், கீழே வைப்பார். அடுத்த வாரம் அதையும் அழிப்பார். அச்சு மழுங்கினால் முதல் ஆளாகக் கண்டுபிடிக்கிறவருக்கு, மழுங்கும் காதில் ஸ்வரமே மாறிக் கேட்கும் என்று தோன்றவே இல்லை. இரண்டு காதும் ஒரே மாதிரி கெடவில்லை. வலக்காதில் விழும் மனைவியின் குரல் ஒரு உயரத்தில் கேட்டது, இடக்காதில் விழும் கிட்டார் வேறு உயரத்தில் கேட்டது. இரண்டையும் ஒட்டவைக்க ஒட்டவைக்க மெட்டு கோணிக்கொண்டே போனது. முதல் மாசம் எழுதியதுதான் கிட்டத்தட்ட சரி. அதைத்தான் அவர் எட்டு மாசமாகத் திருத்தினார்.

கடைசிக் கட்டத்தை எழுதி முடித்த ஞாயிறு, அவள் முணுமுணுப்பது வெறும் காற்றாகத்தான் கேட்டது. அடுத்த வாரம் அதுவும் இல்லை. கதவோரம் போய் எட்டிப் பார்த்தார். அவள் பெட்ஷீட்டை நாலாக மடித்து மோவாயில் இடுக்கிக்கொண்டிருந்தாள். தொண்டைக்குழி மட்டும் லேசாக அசைந்தது.

பரவாயில்லை, எழுதியாயிற்று என்று நினைத்தார்.

அந்தச் சனிக்கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு மாடியேறினார். மைத்துனனும் கூடவே வந்தான். டீச்சர் சீட்டை ஸ்டாண்டில் வைத்து வாசித்தாள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. டீச்சரின் விரலைப் பார்த்து, இப்போது இரண்டாம் கட்டம், இப்போது ஐந்தாம் கட்டம் என்று கூடவே போனார். பிறகு மனைவியின் முகத்தைப் பார்த்தார். அந்த முகம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முகமாக இருந்தது.

"நல்லாருக்கு" என்று அவர் பக்கம் திரும்பி வாயை அகலத் திறந்து சொன்னாள். "என்ன பாட்டு?"

"உன்னோடது."

"என்னோடதா? நான் எங்க பாடினேன்?"

அவர் சொன்னார். துணி, ஞாயிற்றுக்கிழமை, கல்யாணமான புதிதில் கேட்டுவிட்டுப் பட்டது, எல்லாவற்றையும் சொன்னார். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்பது தெரியாமல் கத்திச் சொன்னார். மனைவி மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை நாள் எந்தக் கட்டையோடு சண்டை போட்டாளோ, அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

டீச்சர்தான் சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். புள்ளிகள் ஒன்றோடொன்று சேரவில்லை என்பது வாசித்தபோதே அவளுக்குத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு புள்ளிக்கும் கீழே அழித்த தடம், அதற்கும் கீழே இன்னொரு தடம். ரப்பர் தேய்த்து இரண்டு இடத்தில் காகிதமே ஓட்டை. வகுப்பில் அவள் அவருக்கு வலப்பக்கம் மாறி உட்கார்ந்து வாசித்த ஒன்றிரண்டு நாளில் மட்டும் அவர் விரல் கிட்டாரின் கழுத்தில் ஒரு கட்டம் தள்ளி விழுந்தது நினைவுக்கு வந்தது. தொழில் தெரியாத விரல் என்று நினைத்திருந்தாள். இரண்டு காதும் இரண்டு விதமாகக் கேட்டதால் மெட்டு கோணிவிட்டது என்று பழைய சீட்டு ஒன்றில் எழுதிக் காட்டினாள். அவர் இரண்டுதரம் படித்தார்.

டீச்சர் பழைய தடங்களைப் பார்த்து முதல் இரண்டு கட்டத்தை வேறு மாதிரி வாசித்தாள். "இதுவா?" என்று மனைவியைக் கேட்டாள். அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. "இதுவா சார்?" என்று அவரைக் கேட்டாள், கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சரியா தப்பா என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

மைத்துனன் பொறுக்கமாட்டாமல் செல்லை எடுத்து நீட்டினான். "மாமா, இதுல புடிச்சு வச்சிருந்தா முடிஞ்சிருக்குமே! ஒரு நிமிஷ வேலை!"

அவர் அவன் உதட்டையே பார்த்தார். செல் தெரிந்தது, விஷயமும் புரிந்தது. காது போகப்போகிறவனுக்கு ரெக்கார்டு எதற்கு என்றுதான் ஆரம்பத்தில் நினைத்திருந்தார். வேறு யாருக்காவது அது தேவைப்படும் என்று அந்த மண்டைக்கு எட்டவில்லை. காதை நம்பியே பிழைத்தவர், மற்றவர்களுக்கும் காது உண்டு என்பதை மறந்துவிட்டார்.

இப்போது ஆஸ்பத்திரி வகுப்புக்குப் போகிறார். மற்றவர்கள் முந்நூறு வார்த்தை தாண்டிவிட்டார்கள், இவர் தொடக்கத்தில் இருக்கிறார். "தண்ணி வேணுமா?" என்று அவள் கேட்டால், "யாரு வந்தா?" என்கிறார். அவள் மறுபடி சொல்கிறாள். மூன்றாம் தடவை சொல்லாமல் தண்ணீரையே கொண்டுவந்து வைத்துவிடுகிறாள். முணுமுணுப்பைப் படிக்க எந்த வகுப்பும் இல்லை, அதற்கு உதடு அசையாது.

அந்த முணுமுணுப்புக்கே இப்போது வழியில்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டதல்லவா? ஞாயிற்றுக்கிழமை தம்பி செல்லை ஆன் செய்து அலமாரியில் வைக்கிறான். அவள் துணியை எடுக்கிறாள், தொண்டையைச் செருமுகிறாள். எது எதுவோ வருகிறது. "இல்லடா, இது நான் வேணும்னு பண்றது" என்று நிறுத்திவிடுகிறாள். கூடத்திலிருந்து அவர் அவள் தொண்டைக்குழியைப் பார்க்கிறார். அது அசையவில்லை.

டீச்சருக்கு மட்டும் ஒரு யோசனை இருக்கிறது. சீட்டுகளில் தேதி இருக்கிறது. காது கோணியது ஒரே அளவில் என்றால், தேதியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போய் நேராக்கிவிடலாமே என்கிறாள்.

அதற்காகத்தான் இதை எழுதுவது. இதைப் படிக்கிறவர்களில் இப்படி இரண்டு காதும் இரண்டு விதமாகக் கெட்டவர்களோ, அவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர்களோ இருந்தால் ஒன்று சொல்லுங்கள். எல்லா ஸ்வரமும் ஒரே அளவு விலகுமா, இல்லை ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமா? நேராக்க முடியாது என்பதுதான் பதில் என்றாலும் பரவாயில்லை, கீழே எழுதுங்கள். பெரிய எழுத்தாக வேண்டாம். அவரேதான் படிப்பார், கண் நன்றாகத் தெரிகிறது.